சடை யானை வரும் பழைய படம்: பெயர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குகைத்தெரு:

வணக்கம். சேலம் குகையிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 81 வயது. வெண்பட்டு வேட்டி நெய்தவர். தறியை விற்றுப் பத்து வருடம் ஆகிறது. இப்போது அவருடைய வேலை, டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு பழைய படத்தில் அடுத்து வரப்போகும் வசனத்தை நடிகருக்கு முன்பாகச் சொல்வதுதான்.

அவர் வெகுகாலமாக ஒரு படத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறார். எட்டு ஒன்பது வயதில் டூரிங் டாக்கீஸில் பார்த்தாராம். தரை டிக்கெட். முன்னால் இருந்தவரின் தலைப்பாகை மறைத்ததால் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் ஏறி உட்கார்ந்தது வரை நினைவிருக்கிறது. படத்தின் பெயர் மட்டும் இல்லை. கதையும் அரைகுறை. காடு, துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்காரர், ஒரு ராணி. எல்லாரும் தமிழில்தான் பேசினார்கள். கடைசியில் யானைகள் வருகின்றன. அந்த யானைகளுக்கு உடம்பெல்லாம் சடை! "கரடிக்கு இருப்பது போல முடி. ஆனால் தும்பிக்கை இருந்தது" என்பார். எடுத்தது நம் சேலத்துக் கம்பெனி என்றும் அடித்துச் சொல்கிறார்.

வீட்டில் ஒருவரும் நம்பியதில்லை. ஆத்தூரில் இருக்கும் என் தாய்மாமா, அப்பாவோடு ஒரே தெருவில் வளர்ந்தவர், "மச்சான் அன்றைக்குக் கொட்டகையில் தூங்கிவிட்டார், அது கனவில் வந்த யானை" என்று ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்லிச் சிரிக்க வைப்பார். என் கல்யாணத்திலும் சொன்னார். இதில் இருவருக்கும் ஒரு தட்டுவடை செட் பந்தயம் வேறு. எந்த வருடம் கட்டியது என்று இருவருக்கும் தெரியாது.

நானும் நம்பாதவள்தான். ஆனால் போன வாரம் அப்பா புதிதாக ஒன்று சொன்னார். "முன்னங்கால் பக்கம் அந்த முடி தனியாகத் தொங்கியது. தைத்த இடம் தெரிந்தது. நெய்கிற வீட்டுப் பையன், எனக்குத் தெரியாதா?" கனவில் வருகிற யானைக்குத் தையல் இருக்குமா? அதனால்தான் கேட்கிறேன்.

மணியோசை:

யானை என்றால் தேவர் பிலிம்ஸ்தான். "நல்ல நேரம்" படமாக இருக்கும், எம்.ஜி.ஆர். நடித்தது. பெரியவர் வேறு எதையோ போட்டுக் குழப்பிக்கொள்கிறார் என்று நினைக்கிறேன்.

குகைத்தெரு:

இல்லை ஐயா. "நல்ல நேரம்" வந்தது 1972இல். அப்போது அப்பாவுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. தவிர, அந்த யானைகள் சுத்தமாகச் சவரம் செய்துகொண்டவை.

கார்பன் குச்சி:

அம்மா, உங்கள் அப்பா தூங்கவில்லை. படத்தின் பெயர் "காடு". 1952. நம் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம், அமெரிக்காவின் லிப்பர்ட் பிக்சர்ஸோடு சேர்ந்து எடுத்தது. ஆங்கிலத்தில் "தி ஜங்கிள்". இயக்கியவர் வில்லியம் பெர்க். துப்பாக்கிக்காரர் ராட் கேமரான், ராணியாக வருபவர் மேரி வின்சர். சீசர் ரொமேரோ என்ற இன்னொரு அமெரிக்கர் ராமா சிங் என்ற பெயரில் நம் ஊர்க்காரராக வருவார். நம்பியாரும் இருக்கிறார். யானைகள் மிரண்டு ஓடி ஊர்களை மிதிக்கின்றன; எதைப் பார்த்து மிரள்கின்றன என்று ஒரு கூட்டம் காட்டுக்குள் தேடிப் போகிறது. பார்த்தால், எப்போதோ அழிந்துபோன மாமூத். அதற்காக நிஜ யானைகளுக்கே ரோமப் போர்வை போர்த்தி நடக்க விட்டார்கள். தையல் தெரிந்தது என்று சொன்னாரே, அந்தப் பிள்ளைக்குக் கண்!

நான் முப்பத்தொரு வருடம் ஆபரேட்டராக இருந்தவன். இந்தப் படத்தை நான் ஓட்டியதில்லை, எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சொல்லிக் கேட்டதுதான். பிற்பாடு ஆங்கிலப் பிரதியைப் பார்த்தேன். உண்மையைச் சொல்வதென்றால், படம் சுமார். நடக்கிறார்கள், நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். சடை யானை கடைசியில்தான், அதுவும் கொஞ்ச நேரம். அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், எழுபது வருடத்தில் அந்த யானை அவர் மனத்தில் நிறைய வளர்ந்திருக்கும்.

இரண்டு விஷயம். படம் பழுப்பாகத் தெரிந்தால் டிவியைத் தட்டாதீர்கள், செபியா நிறத்தில்தான் வெளியிட்டார்கள். அடுத்து, திரை அளவை 4:3க்கு மாற்றுங்கள். அந்தக் காலத்துப் படம் ஏறக்குறைய சதுரம். அதை இன்றைய அகலத் திரைக்கு இழுத்துவிட்டால் எல்லா முகமும் பரங்கிக்காய் ஆகிவிடும். எம்.ஜி.ஆரை அந்தக் கோலத்தில் பார்க்கச் சகிக்காமல் நான் டிவியை அணைத்திருக்கிறேன்.

கிடைக்கிறதே என்று சந்தோஷப்படுங்கள். இதே கம்பெனி 1938இல் எடுத்த "பாலன்" மலையாளத்தின் முதல் பேசும்படம். இன்று ஒரு பிரதி கூட இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சூடு பட்டாலே பற்றிக்கொள்ளும். எரியாமல் தப்பியதையும் பலர் வெள்ளிக்காக உருக்கினார்கள். கறுப்பு வெள்ளைப் பிலிமில் வெள்ளி உண்டு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுக் கடைகளைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும், எந்தக் கொலுசில் யாருடைய வசனம் கிடக்கிறதோ என்று.

ஏற்காட்டுப் பனி:

நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். சேலத்திலிருந்து பஸ் ஏறினால் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவைத் தாண்டித்தான் இருபது கொண்டை ஊசி வளைவுகளும். ஒவ்வொரு முறையும் வலது பக்கமா இடது பக்கமா என்று தலையைத் திருப்பிப் பார்த்துவிடுவேன். ஸ்டுடியோ போய்விட்டது, அந்த வளைவு மட்டும் நிற்கிறது.

படம் பார்த்து முடித்ததும் அப்பாவுக்கு எல்லிஸ் ஆர். டங்கன் பற்றிய ஆவணப்படத்தைக் காட்டுங்கள். கரண் பாலி எடுத்தது, 2013, "அன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்". யானைப் படத்தின் தயாரிப்பிலும் டங்கனுக்குப் பங்கு உண்டு. 1935இல் வந்த அமெரிக்கர், தமிழ் தெரியாது. தமிழ் தெரியாமலேயே "சதி லீலாவதி", "மீரா" எல்லாம் எடுத்தார். அவர் பெயரும் சுந்தரத்தின் பெயரும் சேர்ந்து வருகிற "மந்திரிகுமாரி" 1950இல் வந்தது, கலைஞர் வசனம். ஆவணப்படத்தில் பேட்டிகள் சற்று அதிகம், எனக்கு நடுவில் கொட்டாவி வந்தது. ஆனாலும் பாருங்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது "செல்லுலாய்டு மேன்", 2012. புனே தேசியத் திரைப்படக் காப்பகத்தை உருவாக்கிய பி.கே. நாயரைப் பற்றியது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். எங்கள் ஊரில் பனி இறங்கினால் மின்சாரம் போய்விடும், மூன்று இரவாகப் பார்த்து முடித்தேன். எந்தக் காட்சி எத்தனையாவது ரீலில் வரும் என்று சொல்லக்கூடிய மனிதர். உங்கள் அப்பாவோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்திருப்பார்.

குகைத்தெரு:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை போட்டோம். என் மகன் 4:3க்கு மாற்றினான். முதல் பத்து நிமிடம் ஒரே சண்டை. "இவன் ஏன் இங்கிலீஷ் பேசுகிறான்? தமிழில்தான் பேசினான்" என்று அப்பா விடவில்லை. பிறகு அடங்கினார். நடக்கிறார்கள், நடக்கிறார்கள் என்று கார்பன் குச்சி ஐயா எழுதியது சத்தியம். நான் கீரை ஆய்ந்து முடித்துவிட்டேன்.

யானை வந்ததும் "நிறுத்து" என்றார். நாற்காலியைப் பிடித்து எழுந்து டிவி வரை நடந்து போனார். யானையின் முன்னங்காலுக்கு மேலே ஒரு இடத்தில் விரலை வைத்தார். எனக்கு அங்கே பழுப்புக் கறைதான் தெரிந்தது. தேநீர் டம்ளரைப் பிடிக்கும்போது நடுங்குகிற அந்தக் கை அங்கே அசையாமல் நின்றது. "பார், இங்கேதான்" என்றார். பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன்.

உடனே ஆத்தூருக்குப் போன். மாமா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சரி, தட்டுவடை செட் என் செலவு. கடிப்பதற்குப் பல்செட்டை மச்சானே கொண்டுவரட்டும்" என்றார்.

வருகிற ஞாயிறு அவரும் வருகிறார். "மந்திரிகுமாரி" போடலாம் என்று இருக்கிறோம். பாட்டுகளை வெட்டாத பிரதி யாரிடமாவது இருக்கிறதா?

கார்பன் குச்சி:

என்னிடம் இருக்கிறது. நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். எனக்கும் ஒரு செட் சொல்லி வையுங்கள், காரச் சட்னி குறைவாக.