நடிகர்கள் சொல்லும் படப்பிடிப்புக் கதைகள் காலப்போக்கில் வளர்வது ஏன்?

ஹட்டன் வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசிகசாலை வெளியிடும் சஞ்சிகைக்காக, மலைநாட்டிலும் அதன் அடிவாரத்திலும் நடந்த திரைப்படப் படப்பிடிப்புகளைப் பற்றிக் கட்டுரை ஒன்றைத் தயாரித்து வருகிறேன். செய்திக்குப் பஞ்சமில்லை, எதை நம்பி அச்சில் ஏற்றுவது என்பதுதான் சிக்கல். ஒரே நடிகர் ஒரே சம்பவத்தைப் பல ஆண்டு இடைவெளியில் இரண்டு நேர்காணல்களில் சொல்லும்போது, இரண்டாவதில் ஆபத்து கூடிவிடுகிறது, பேசிய வார்த்தைகள் கூர்மையாகிவிடுகின்றன, முதலாவதில் பெயரோடு வந்த உதவி இயக்குநர் காணாமற்போய்விடுகிறார்.

என்னைத் தடுத்து நிறுத்திய எடுத்துக்காட்டு, நடிகர் ஒருவருடையது அல்ல, இயக்குநர் ஒருவருடையது. மட்டக்களப்பில் பிறந்து, தமிழகத்தில் ஒளிப்பதிவாளராகவும் இயக்குநராகவும் பெரும் புகழ் பெற்ற பாலு மகேந்திரா, பாடசாலைச் சுற்றுலா ஒன்றில் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படப்பிடிப்பைக் கண்டதாகவும், இயக்குநர் டேவிட் லீன் குரல் கொடுத்தவுடன் மழை கொட்டியதாகவும், தாமும் இயக்குநராக வேண்டும் என்ற எண்ணம் அப்போதே பிறந்ததாகவும் பலர் எழுதியிருக்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 13 என்று பல இடங்களில் காணப்படுகிறது. ஆனால் அவர் பிறந்தது 1939 மே மாதத்தில். கித்துல்கலையில் அப்படம் எடுக்கப்பட்டது 1956 இறுதியிலும் 1957 தொடக்கத்திலும். கணக்குப் பார்த்தால் அவருக்கு அப்போது 17 வயது.

நான் பெரிதும் மதிக்கும் ஒரு கலைஞரைப் பற்றி, "கதை கட்டிவிட்டார்" என்ற தொனியில் எழுத எனக்கு மனமில்லை. அதேவேளை, பிழையென்று தெரிந்த வயதை எங்கள் சஞ்சிகையும் ஒருமுறை அச்சிட்டு உறுதிப்படுத்துவது முறையாகப் படவில்லை. இத்தகைய கதைகள் எவ்வாறு வளர்கின்றன, எந்தப் பகுதியை நம்பலாம், எந்தப் பகுதியைச் சந்தேகிக்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பேராதனை வாசகர் எழுதியது:

நல்ல கேள்வி. அந்த வயதிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். "இயக்குநர் சொன்னால் மழையும் பெய்யும்" என்று ஒருவன் வியந்து நிற்க வேண்டுமானால், அவன் சிறுவனாக இருந்தால்தான் கதை சிறக்கும். பாடசாலையை முடிக்கும் வயதில் இருக்கும் இளைஞனுக்கு, நீர்க்குழாய்களை வைத்துச் செயற்கை மழை பெய்விக்கிறார்கள் என்பது ஓரளவேனும் புரிந்திருக்கும். ஆகவே கதை கைமாறக் கைமாற, சொல்பவர் எவரும் திட்டமிடாமலேயே வயது குறைந்திருக்கலாம். அவரே குறைத்தாரா, அவரைப் பற்றி எழுதியவர்கள் குறைத்தார்களா என்பது வேறு விடயம். எப்படியிருப்பினும், அவர் அந்தப் படப்பிடிப்பைப் பார்க்கவில்லை என்று இதனால் ஆகிவிடாது. வயது தளர்ந்த பகுதி. பார்த்தது என்பது உறுதியாக இருக்கக்கூடிய பகுதி.

கித்துல்கலைப் படப்பிடிப்பைச் சுற்றியே இன்னும் பல கதைகள் இருப்பதால், அவற்றையும் இதே முறையில் பிரித்துப் பார்க்கலாம். படத்துக்காகக் களனி கங்கையின் மேல் கட்டப்பட்ட பாலத்துக்கு 2,50,000 டொலர் செலவானது என்பது படம் வெளிவந்த காலத்திலிருந்தே சொல்லப்படும் தொகை. பின்னாளில் ஆராய்ந்து எழுதியவர்கள் தரும் தொகை ஏறத்தாழ 52,000 டொலர்தான். இங்கே நினைவு தவறவில்லை. தயாரிப்பாளர் சாம் ஸ்பீகலின் தரப்பு விளம்பரத்துக்காகப் பெரிய தொகையைச் சொன்னது. உள்ளூர்க் கூலியும் மரங்களை இழுத்த யானைகளும் மலிவாகக் கிடைத்ததே உண்மையான செலவு குறைந்ததற்குக் காரணம் என்பதை மலையகத்தில் வாழும் நாம் தனியே கவனிக்க வேண்டும். தொகை பெருத்தபோது மறைந்துபோனது நம்மவர்களின் மலிவான உழைப்பு.

படத்தின் உச்சக்காட்சிக்காகப் புகையிரதத்தோடு பாலம் தகர்க்கப்பட்ட கதை இதற்கு நேர்மாறானது. அதில் கூட்டிச் சொல்லத் தேவையே இல்லை. 1957 மார்ச் 10 ஆம் திகதி, ஒளிப்பதிவாளர்களுள் ஒருவர் பாதுகாப்பான இடத்துக்கு வந்துவிட்டாரா என்பது உறுதியாகாததால் வெடி இயக்கப்படவில்லை. அதற்குள் புறப்பட்டுவிட்ட புகையிரதம் பாலத்தைக் கடந்து, மறுகரையில் இருந்த மின்பிறப்பாக்கியில் மோதியது. புகையிரதத்தைச் சரிசெய்து, மறுநாள் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் முன்னிலையில் பாலத்தைத் தகர்த்தார்கள்.

இதன் தொடர்ச்சியாகச் சொல்லப்படும் கெய்ரோ கதையில்தான் எனக்குத் தயக்கம் உண்டு. எகிப்தின் சுயெஸ் கால்வாயைச் சுற்றி எழுந்த நெருக்கடியால் படச்சுருள்களைக் கப்பலில் அனுப்ப முடியாமல் விமானத்தில் அனுப்பினார்கள். அவை லண்டனுக்குப் போய்ச் சேரவில்லை. உலகெங்கும் தேடி, ஒரு வாரத்தின் பின் கெய்ரோ விமான நிலையத்தில் கொளுத்தும் வெயிலில் கிடக்கக் கண்டெடுத்தார்கள். ஆயினும் காட்சிகள் சிறிதும் பழுதுபடவில்லை என்று அந்தக் கதை போகிறது. கால்வாய் அப்போது மூடியிருந்தது உண்மை. ஆனால் பிரித்தானியாவுக்கும் எகிப்துக்கும் இராஜதந்திர உறவு அறுந்திருந்த அந்த மாதங்களில், லண்டனுக்குப் போகும் பொதி கெய்ரோவில் எப்படி இறங்கியது என்று எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. மேலும், மார்ச் மாதத்துக் கெய்ரோ கொழும்பைவிடக் குளிர்ச்சியானது. இலங்கையின் வெப்பத்தில் மாதக்கணக்கில் இருந்த படச்சுருள் அங்கே உருகிவிடும் என்று அஞ்சக் காரணமில்லை. பொதி தாமதமாகியிருக்கலாம், வேறெங்கோ இறங்கியிருக்கலாம். கெய்ரோவும் வெயிலும் வாரக் கணக்கும் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டவையாக இருக்கக்கூடும் என்பது என் எண்ணம்.

கொட்டகலை வாசகி எழுதியது:

மேலே உள்ள பதிலுடன் உடன்படுகிறேன். என் பங்குக்கு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் தோட்டத்தில் பெரியவர் ஒருவர், தாம் இளவயதில் எலிசபெத் டெய்லரை நேரில் கண்டதாகச் சொல்லி வந்தார். வெள்ளைத் தொப்பி அணிந்திருந்தார், துரையின் காரிலிருந்து இறங்கினார், வெயில் தாங்காமல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார் என்றெல்லாம் விவரிப்பார். படித்த இளைஞர்கள் அவரைப் பொய்யர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

அவர் குறிப்பிட்டது, இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றைக் களமாகக் கொண்ட 'எலிபன்ட் வோக்' என்ற படம். 1953 இல் இலங்கைக்கு வந்து நடித்த கதாநாயகி விவியன் லீ. அவருடைய மனநலம் பாதிக்கப்பட்டதால் படத்திலிருந்து விலக நேர்ந்தது. அவருடைய இடத்தில் எலிசபெத் டெய்லர் ஒப்பந்தமாகி, ஹொலிவூட்டில் நடித்தார். இங்கே எடுக்கப்பட்ட தூரக் காட்சிகள் சிலவற்றில், முகம் தெளிவாகத் தெரியாத தூரத்தில், விவியன் லீயே இன்றும் அந்தப் படத்தில் இருக்கிறார். 1954 இல் படம் வெளிவந்தபோது சுவரொட்டியில் இருந்தது டெய்லரின் முகம்.

ஆகவே, பெரியவர் கண்டது ஒரு நடிகையை. பெயரைத் தந்தது சுவரொட்டி. தொப்பியும் காரும் கைக்குட்டையும் அவருடைய சொந்த நினைவாக இருக்க எல்லா நியாயமும் உண்டு. ஒரு பெயர் தவறு என்பதற்காக முழு நினைவையும் தள்ளிவிடுவது, தொழிலாளர்களின் நினைவுகளுக்கு நாம் வழக்கமாகச் செய்துவரும் அநீதிதான். நட்சத்திரத்தின் தவறான நினைவைச் சுவையான கதை என்று அச்சிடுகிறோம். லயத்தில் வாழ்ந்தவரின் தவறான நினைவைப் பொய் என்கிறோம். இந்த வேறுபாட்டை உங்கள் கட்டுரை தொடர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பண்டாரவளை ஆசிரியர் எழுதியது:

நினைவைப் பற்றிய ஆய்வுகள் இந்த இடத்தில் பெரிதும் உதவும். 1986 ஜனவரி 28 ஆம் திகதி செலஞ்சர் விண்ணோடம் வெடித்தது. அச்செய்தியைத் தாங்கள் எங்கே, எப்படி அறிந்தோம் என்பதை மறுநாட் காலையிலேயே அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழக மாணவர்களிடம் எழுதி வாங்கினார், உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு கழித்து அவர்களுள் 44 பேரிடம் அதையே மீண்டும் கேட்டபோது, 11 பேருடைய விடையில் முக்கியமான விவரம் ஒன்றுகூட முதல் விடையோடு பொருந்தவில்லை. அப்படியிருந்தும் பலர் தங்கள் புதிய நினைவில் முழு உறுதியோடு இருந்தார்கள். தங்கள் கையெழுத்தையே காட்டிய பின்னும் பழைய நினைவு எவருக்கும் மீளவில்லை.

மேடையும் கைதட்டலும் இல்லாத மாணவர்களின் நிலை இது. ஒரு நடிகரின் நிலைமையோ இன்னும் கடினமானது. ஒரு படம் வெளிவரும்போது அவர் ஒரே கதையை ஒரே வாரத்தில் பலரிடம் சொல்லவேண்டியிருக்கிறது. எந்த இடத்தில் சிரிப்பு வருகிறது, எந்த இடத்தில் கேட்பவர் கைத்தொலைபேசியைப் பார்க்கிறார் என்பதை அவர் தொழில்முறையிலேயே உணர்ந்துகொள்வார். நடிப்பு என்பதே அந்த உணர்வுதான். சிரிப்பு வராத பகுதி அடுத்த முறை சுருங்குகிறது. நாளடைவில் அவர் நினைவுகூர்வது சம்பவத்தை அல்ல, கடைசியாகச் சொன்ன விதத்தை. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் யூடியூப் நேர்காணல்களிலும் "அந்தக் கதையைச் சொல்லுங்கள்" என்று கேட்பவரே எடுத்துக் கொடுப்பதால், மாற்றிச் சொல்லவும் வழியில்லாமற்போகிறது.

எழுத்துப் பதிவு இருந்தால் கதை அவ்வளவு எளிதில் நகராது. நம் நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். 1967 ஜனவரி 12 ஆம் திகதி எம்.ஆர். ராதாவால் சுடப்பட்ட சம்பவம் நீதிமன்றம் வரை சென்றதால், நாளும் இடமும் காயமும் அசையாமல் நிற்கின்றன. அந்த அறையில் யார் என்ன பேசினார் என்ற பகுதிதான் இன்றளவும் சொல்பவருக்குச் சொல்பவர் வேறுபடுகிறது. பொதுவாகவே, கதையில் மேற்கோளாக வரும் பேச்சை முதலில் சந்தேகியுங்கள்.

கண்டி வாசகர் எழுதியது:

சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். 1983 இல் கண்டிப் பகுதியில் எடுக்கப்பட்ட இரண்டாவது 'இந்தியானா ஜோன்ஸ்' படத்தின் தொங்குபாலத்தைப் பற்றிய கதைகளில், அதன்மேல் நடக்க இயக்குநர் ஸ்பீல்பேர்க் அஞ்சினார் என்பது தவறாமல் வரும். அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த விக்டோரியா அணைக்கட்டின் பொறியியலாளர்களே பாலத்துக்கும் உதவினார்கள் என்பது அரிதாகவே வரும். ஹாரிசன் ஃபோர்ட் முதுகுவலியால் நடிக்க முடியாமற்போன நாட்களில் அவருக்குப் பதிலாக நடித்த விக் ஆம்ஸ்ட்ரோங்கின் பெயரும் அப்படியே.

முதற்படத்தில் வாள்வீரனை ஒரே குண்டில் சுட்டுவீழ்த்தும் காட்சியை எல்லோரும் அறிவார்கள். துனிசியாவில் ஃபோர்டுக்கு வயிற்றுப்போக்கு கண்டதால், நீண்ட சண்டைக்கு மாற்றாக அது உருவானது. அந்த யோசனை யாருடையது என்பதைப் பற்றியே இன்றும் பேசுகிறார்கள். சண்டைக்கென்று தயாராகி வந்திருந்த டெர்ரி ரிச்சர்ட்ஸ் என்ற கலைஞருக்கு, தன் வாள்வீச்சின் பெரும்பகுதி படத்தில் இடம்பெறாமற்போனது எப்படி இருந்திருக்கும் என்று கேட்டவர்கள் குறைவு. கதை வளரும்போது யார் வெளியேறுகிறார் என்று பாருங்கள். அநேகமாகச் சம்பளம் குறைந்தவர்தான்.

ஹட்டன் வாசகன் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கொட்டகலை அம்மையாரின் பதிலைப் படித்தபின், கட்டுரையின் போக்கையே மாற்ற எண்ணியிருக்கிறேன். கித்துல்கலைப் பக்கத்தில் அந்நாளில் வேலை செய்தவர்களின் குடும்பங்களைத் தேடிப்போக இருக்கிறேன். வேலை செய்தவர்கள் மறைந்து, பிள்ளைகளின் வாயிலாகவே கதை கிடைக்கும் என்பதால், எப்படிக் கேட்டால் கூட்டல் குறைவாக வரும் என்று சொல்ல முடியுமா?

கொட்டகலை வாசகி எழுதியது:

நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்டு ஆரம்பிக்காதீர்கள். "குவாய் படத்தில் நடித்த அலெக் கின்னஸைப் பார்த்தாரா?" என்று கேட்டால், பார்க்காதவரின் பிள்ளையும் பார்த்தார் என்றே சொல்ல ஆசைப்படுவார், அது மனித இயல்பு. என்ன வேலை செய்தார், நாட்கூலி எவ்வளவு, யார் கூட்டிப் போனார், சாப்பாடு எங்கிருந்து வந்தது, மழை நாளில் கூலி கிடைத்ததா என்று கேளுங்கள். இவற்றை மிகைப்படுத்திச் சொல்ல எவருக்கும் காரணம் இல்லை. நட்சத்திரம் வருவதாக இருந்தால் அந்தப் பேச்சினிடையே தானாக வரும்.

யார் சொன்னார், எந்த ஆண்டில் சொன்னார், அவர் யாரிடம் கேட்டறிந்தார் என்ற மூன்றையும் ஒவ்வொரு கதையின் கீழும் அச்சிடுங்கள். பாலு மகேந்திராவின் கதையையும் அப்படியே போட்டு, பிறந்த ஆண்டையும் படப்பிடிப்பு நடந்த காலத்தையும் பக்கத்தில் கொடுத்துவிட்டால், வாசகரே கணக்குப் பார்த்துக்கொள்வார். தேடிப் போகும்போது, கம்பனிச் சம்பளச் சீட்டோ பழைய புகைப்படமோ எந்த வீட்டிலாவது இருந்தால், அதை வாங்கி வராமல் அங்கேயே படம் பிடித்துக்கொள்ளுங்கள்.