ஹெச்-ஆல்பா தொலைநோக்கியில் படம் மங்குகிறது, பூச்சு போய்விட்டதா?

செங்கதிர்:
வணக்கம். என்னிடம் 40 மி.மீ. ஹெச்-ஆல்பா (ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் மட்டும் சூரியனைக் காட்டும்) சூரியத் தொலைநோக்கி இருக்கிறது, பழையது, கைமாறி வந்தது. பெசன்ட் நகரில் மொட்டை மாடியில் வைத்துப் பார்ப்பேன். முன்பெல்லாம் விளிம்பில் எழும் பிழம்புகள் பளிச்சென்று தெரியும். இப்போது சூரியனைச் சுற்றி ஒரே சிவப்பு மூட்டம், டியூனிங் வளையத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் பிழம்பெல்லாம் அதற்குள் அமுங்கிப் போகிறது. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) மாற்றியும் அதேதான். முகப்பு லென்ஸின் பொன்னிறப் பூச்சும் ஓரத்தில் திட்டுத்திட்டாகப் பழுப்பேறியிருக்கிறது. ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போகுமா?

வான்வெளி:
துடைக்காதீர்கள், அது அழுக்கு இல்லை. முகப்புப் பூச்சு ஓரத்தில் மட்டும் போயிருந்தால் படம் இவ்வளவு கெடாது. எனக்கு முதல் சந்தேகம் உள்ளே ஐபீஸுக்கு முன்னால் இருக்கும் ஐடிஎஃப் என்கிற சின்ன ஃபில்டர் மேல்தான். அதில் மெல்லிய வெள்ளிப் படலம் இருக்கும், ஓரம் வழியாக ஈரம் புகுந்தால் வெள்ளி கெட்டு, விளிம்பிலிருந்து நடுப்பக்கமாகப் பால் ஊற்றினது போல வெளுத்துக்கொண்டே வரும். வீட்டுக்குள் உட்கார்ந்து, ஐபீஸ் பிடிப்பானைக் கழற்றி, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நல்ல ஃபில்டர் கண்ணாடி போலப் பளபளக்கும். கெட்டதில் புள்ளியும் வெண்படலமும் உடனே கண்ணில் படும்.

அதுவரை அதன் வழியாகச் சூரியனைப் பார்க்கவே வேண்டாம். இந்தத் தொலைநோக்கியின் முக்கிய ஃபில்டரான எட்டலான், ஹெச்-ஆல்பாவின் 656.28 நானோமீட்டரை மட்டும் விடுவதில்லை, சீப்புப் பல் மாதிரி வரிசையாகப் பல அலைநீளங்களை விடும். அதில் நமக்கு வேண்டியதை மட்டும் பிரித்து, அகச்சிவப்பையும் தடுப்பது பின்னால் உள்ள ஃபில்டர்கள்தான். படம் மங்கலாக இருக்கிறதே, ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, விழித்திரை வெந்தாலும் வலிக்காது.

கடற்காற்று:
நான் சிங்கப்பூர். இங்கே வருஷம் முழுக்கப் புழுக்கம், அதனால் அனுபவத்தில் சொல்கிறேன், கெட்டுப்போன ஐடிஎஃப்பை மீட்க வழியே இல்லை, மாற்றத்தான் வேண்டும். சூரிய ஃபில்டர்களுக்கென்றே செய்யப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். கேமராவுக்கான சிவப்பு ஃபில்டரை வெட்டிப் போடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், அது அகச்சிவப்பைத் தாராளமாக உள்ளே விடும். புதியது போட்ட பிறகு டிரை கேபினெட்டில் (ஈரத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) 40 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு. ஜெல் நிறம் மாறினதும் வறுத்து மறுபடி போடணும், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஏசி அறையிலிருந்து எடுத்ததும் நேரே வெயிலில் திறக்காதீர்கள், பெட்டிக்குள்ளேயே சூடாகட்டும், இல்லையென்றால் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும்.

செங்கதிர்:
டார்ச் அடித்துப் பார்த்தேன் சார். ஓரம் முழுக்க வெண்மை, நடுவில்கூடப் பொரிப்பொரியாக இருக்கிறது. ஃபில்டரை மாற்றிவிடுகிறேன். அதுவரை சூரியனைப் பார்க்காமல் இருக்க மனசு வரவில்லை, வேறு வழி ஏதும் உண்டா?

வான்வெளி:
சாதாரணத் தொலைநோக்கி இருந்தால் அதன் வாய்ப்பகுதியில் அடர்த்தி 5 உள்ள சூரியப் படலத்தைக் கட்டுங்கள், லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும். பிழம்பு தெரியாது, ஆனால் கரும்புள்ளிகள் அருமையாகத் தெரியும். அந்தப் படலத்தின் பூச்சும் உரியக்கூடியதுதான், ஒவ்வொரு தடவையும் கட்டுவதற்கு முன்னால் விளக்குக்கு நேரே பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். பக்கத்தில் குறிபார்க்க வைத்திருக்கும் சின்னத் தொலைநோக்கியான ஃபைண்டரையும் மூடிவிடுங்கள்.