கடவுள் இல்லை என்பது நியாயமான நிலைப்பாடா? திருகோணமலை அனுபவங்கள்

உப்புவெளிக்காரி:
சுனாமி முடிந்து நாலாம் நாள். மாமாவின் சின்ன மகளை அப்போதும் தேடிக்கொண்டிருந்தோம். அம்மம்மா அர்ச்சனைத் தட்டுடன் கோணேசர் கோயிலுக்கு வெளிக்கிட, மாமாவும் நானும் கூடப் போனோம். கோயிலைத் தண்ணீர் தொடவில்லை, கோணேசர் காத்துவிட்டார் என்று வாசலில் ஆட்கள் கதைத்துக்கொண்டு நின்றார்கள். மாமா செருப்பைக் கழற்றவில்லை. "மலை உச்சியில இருக்கிறதைக் கடல் எப்படித் தொடும்? கீழ நின்ற பிள்ளையை ஏன் காக்கேல்லை?" என்றார். சத்தம் போடவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல் ஒரு குரல். 20 வருடம் கடந்தும் அது காதில் நிற்கிறது. ஆத்திரத்தில் சொன்னது என்று சொந்தக்காரர் முடித்துவிட்டார்கள். எனக்கு அது யோசித்துச் சொன்னதாகத்தான் பட்டது.

கன்னியா:
உங்கள் மாமாவின் துயரம் விளங்குகிறது. ஆனால் அது கடவுள்மேல் வந்த கோபம். கடவுள் இல்லை என்பதற்கு நியாயம் ஆகாது.
அப்பாவின் அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போயிருந்தோம். இராவணன் தாயின் கடனுக்காகக் குத்தி எடுத்த ஏழு கிணறு என்று ஐயர் சொன்னார். அண்ணா நம்பிக்கை இல்லாதவர், விஞ்ஞானம் படிப்பிப்பவர். மழைநீர் ஆழத்துக்கு இறங்கி, பூமிச் சூட்டில் காய்ந்து, வெடிப்பு வழியே மேலே வருகிறது என்று என் காதுக்குள் விளக்கினார். சரிதான். அப்புறம் வாளியைத் தூக்கியவருக்குக் கை நடுங்கி, பாதித் தண்ணீர் காலில் கொட்டிவிட்டது. தண்ணீர் ஏன் சுடுகிறது என்று தெரிந்துவிட்டால், உலகம் ஏன் இருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டதா? அவரிடம் இன்னும் கேட்கவில்லை.

பழைய மாணவன்:
கன்னியா, நீங்கள் சொல்வது பிழை. கோபம் என்று பெயர் வைத்தால் கேள்வி போய்விடாது. எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர், கருணை மிக்கவர். இந்த மூன்றும் அந்தப் பிள்ளையின் சாவோடு எப்படிப் பொருந்தும்? 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தபோது கோணேசர் எங்கே போனார் என்று கேட்டு வகுப்புக்கு வெளியே நின்றவன் நான். என் கதை அவ்வளவுதான்.
உப்புவெளிக்காரி, மாமாவோடு கதைக்கும்போது இரண்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். "இல்லை என்று நிறுவிவிட்டேன்" என்பது ஒன்று, "நம்பப் போதிய காரணம் காணவில்லை" என்பது வேறு. இரண்டாவதைச் சொல்பவர் எதையும் நிறுவத் தேவையில்லை. உண்டு என்பவர்தான் காட்ட வேண்டும். கொழும்பில் இருந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாமல் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை ஒருவரும் அதை வெல்லவில்லை. அது சாமியார்களைச் சோதித்ததே தவிர கடவுளை அல்ல, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நாத்திகம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று யாரும் சொன்னால், மணிமேகலையில், எல்லாம் ஐம்பூதங்களின் சேர்க்கையே என்னும் பூதவாதி பேசும் இடத்தைக் காட்டுங்கள். முக்கியமாக, மாமாவைக் கோயிலுக்கு இழுக்காதீர்கள்.

உப்புவெளிக்காரி:
இழுக்கவில்லை, அண்ணா. ஒன்றை எழுத விட்டுவிட்டேன். மாமா அப்படிக் கேட்டதும் அம்மம்மா பதில் சொல்லவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே இருந்துவிட்டார். தேங்காயை உடைக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.