தலையில் அடி, சனிக்கிழமை இறுதி ஆட்டம்: மகனை அனுப்பலாமா?

மன்னார்குடி அப்பா: பிளஸ் ஒன் படிக்கும் மகன், செவ்வாய்க்கிழமை கால்பந்துப் பயிற்சியில் பந்தைத் தலையால் முட்டப் போய் இன்னொரு பையனோடு மோதிவிட்டான். எழுந்ததும் "நம்ம கோல் எந்தப் பக்கம்?" என்று கேட்டானாம். தஞ்சாவூரில் சிடி ஸ்கேன் எடுத்தோம், நார்மல். ஆனால் டியூப்லைட் கூசுகிறது என்று இருட்டில்தான் சாப்பிடுகிறான். விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் வேண்டும், ஆடியே ஆகணும் என்று அழுகிறான்.

திருவாரூர் நர்ஸ்: அனுப்பாதீங்க அண்ணா. மூளை அதிர்ச்சி ஸ்கேனில் தெரியாது. ஆறுவதற்குள் மறுபடி அடிபட்டால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தி வந்தாலோ தலைவலி கூடினாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பழைய கபடிக்காரன்: ஓரிரு நாள் ஓய்வு, அப்புறம் நடை, மெல்ல ஓட்டம், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம், டாக்டர் சரி சொன்ன பிறகுதான் மோதல் ஆட்டம்.

மன்னார்குடி அப்பா: சரி, பயிற்சியாளரிடம் இப்போதே பேசுகிறேன்.