பூஎர் தேயிலை சேகரிப்போரிடம் இவ்வளவு இரகசியம் எதற்கு?

பினாங்குவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாகச் சீனாவின் யுன்னான் மாகாணத்துப் பூஎர் தேயிலையைச் சிறிய அளவில் வாங்கிச் சேமித்து வருகிறேன். டிம்சம் எனும் சீனச் சிற்றுண்டிக் கடையில், பூஎருக்குக் கான்டனீஸ் மொழியில் வழங்கும் பெயரான 'போ லே' என்று கேட்டு, எண்ணெய்ப் பலகாரத்தோடு குடித்துப் பழகியவன் நான். அதே தேயிலையை 357 கிராம் வட்ட வில்லையாக அழுத்தி, இருபது முப்பது ஆண்டுகள் கிடப்பில் வைத்து, நகைக்கடைப் பொருளைப் போலக் கைமாற்றுகிறார்கள் என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரிய வந்தது.

சென்ற ஆண்டு, எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் தம் நண்பர்கள் கூடும் இடத்திற்கு என்னை அழைத்துச் சென்றார். பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடிப் பழைய வில்லைகளை உடைத்துக் குடிக்கிறார்கள், சில சமயம் தங்களுக்குள் விற்றுக்கொள்ளவும் செய்கிறார்கள். முதல் நாளே எனக்கு மூன்று கட்டுப்பாடுகள் சொல்லப்பட்டன: தேயிலையைக் கொண்டு வந்தவர் யார் என்று வெளியே சொல்லக் கூடாது, படம் எடுத்துப் பகிரக் கூடாது, எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. அங்கே ஒரு 'தொங்', அதாவது மூங்கில் பட்டையில் கட்டிய ஏழு வில்லைகள், வாங்கினேன். மேலுறை வெறும் வெள்ளைத் தாள். 1990களின் இறுதியில் யுன்னானின் மெங்ஹாய் பகுதியில் செய்யப்பட்டு, ஹாங்காங்கில் சில காலமும் கோலாலம்பூரில் சில காலமும் இருந்தது என்று மட்டும் சொன்னார்கள்.

நெருங்கிய நண்பன் ஒருவனுக்கு அதைக் காய்ச்சிக் கொடுத்தேன். அவனுக்குப் பிடித்துப் போய், தானும் வாங்க வேண்டும், யாரிடம் கேட்பது என்றான். சொல்லக் கூடாது என்றேன். "உனக்கே தெரியாததை நீ எப்படியடா மறைப்பாய்?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது. அதற்குப் பிறகு, கோப்பையில் இருந்த தேநீரை மட்டும் படம் எடுத்து என் பக்கத்தில் போட்டதற்காக இரண்டு மாதம் கூட்டத்திற்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்படி மறைப்பதற்கு நியாயமான காரணம் ஏதேனும் உண்டா? இந்த வட்டத்தில் நான் தொடர்வதா, வேண்டாமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய_வில்லை (கோலாலம்பூர்) எழுதியது:

நண்பரே, நான் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சேகரிப்பவன். நானும் இரகசியம் காத்தவன்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

காரணம் இருக்கிறது. 1990களின் தொடக்கம் வரை ஹாங்காங்கில் பூஎர் என்பது தேநீர்க் கடைகளில் பலகாரத்தோடு ஊற்றிக் கொடுக்கும் மலிவான பானமாகத்தான் இருந்தது. கடைக்காரர்களும் மொத்த வணிகர்களும் அதை ஈரப்பதம் மிகுந்த கிடங்குகளில் வைத்து விரைவாக முதிர வைத்து, பிறகு உலர்ந்த அறைக்கு மாற்றி, கிடங்கு வாடை போகும்வரை ஆற விடுவார்கள். எந்த வில்லையை எத்தனை மாதம் ஈரக் கிடங்கில் வைப்பது, எப்போது இடம் மாற்றுவது என்பது ஒவ்வொரு வணிகரின் குடும்பத் தொழில் இரகசியம். அந்தக் கிடங்குகளின் மூலைகளில் யாரும் கணக்கில் கொள்ளாத பழைய வில்லைகள் கிடந்தன. தைவான் வணிகர்கள் வந்து அவற்றைத் தேடித் தேடி வாங்கினார்கள். 1995இல் தைவானில் வெளிவந்த ஒரு நூல் பழைய வில்லைகளுக்குப் பெயரும் வரிசையும் கொடுத்த பிறகு, நேற்று வரை மூலையில் கிடந்தது இன்று விலைமதிக்க முடியாததாகிவிட்டது. எந்தக் கிடங்கில் என்ன இருக்கிறது என்று அறிந்தவன் வாயைத் திறந்தால், அடுத்த வாரமே விலை அவன் கைக்கு எட்டாமல் போய்விடும். புதிய தேயிலையை அடுத்த வசந்தத்தில் மறுபடி பறித்துக்கொள்ளலாம், 1980களின் வில்லையை இனி யாராலும் செய்ய முடியாது. ஒவ்வொரு முறை குடிக்கும்போதும் உலகில் இருப்பது அந்த அளவு குறைகிறது.

எனக்கே நேர்ந்தது ஒன்று உண்டு. 2006 வாக்கில் ஈப்போவில் ஒரு பழைய சீன மருந்துக் கடையின் மேல் அலமாரியில் சில வில்லைகளையும், வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் குடித்த லியூ பாவ் என்ற வேறொரு சீனத் தேயிலை நிறைந்த கூடை ஒன்றையும் கண்டேன். மகிழ்ச்சி தாங்காமல் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன். மறு மாதம் போனபோது அலமாரி காலியாக இருந்தது. அதைவிட வருத்தம், கடைக்கார முதியவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நான் அனுப்பிய ஆட்கள் மலிவாக வாங்கிக்கொண்டு போய்ப் பல மடங்கு விலைக்கு விற்றது அவர் காதுக்கு எட்டியிருந்தது. அதன் பிறகு நான் யாரிடமும் கடையின் பெயரைச் சொல்வதில்லை.

ஆகவே கடையின் பெயரை மறைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தேயிலை இன்னது என்பதையே மறைப்பது வேறு சங்கதி, நீங்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

பழைய பூஎர் வில்லைகளை அடையாளம் காண்பது இயல்பாகவே கடினம். சீன அரசு நிறுவனத்தின் மேலுறையில், 'நடு' என்று பொருள்படும் 'சோங்' என்ற சீன எழுத்து எட்டு முறை வட்டமாகவும், நடுவில் தேயிலையைக் குறிக்கும் 'ச்சா' என்ற எழுத்தும் இருக்கும். அதே வடிவம் பல பத்தாண்டுகளாகப் பல ஆலைகளால் பயன்படுத்தப்பட்டது. செய்த ஆண்டு பெரும்பாலும் அச்சிடப்படவில்லை. வணிகத்தின் மீதான அரசின் பிடி தளர்ந்தபோது சிறு பட்டறைகளும் அதே உறையைச் சுற்றத் தொடங்கின. 7542 என்ற புகழ்பெற்ற கலவை எண்ணிலும்கூட 75 என்பது அந்தக் கலவை உருவான 1975ஐயும், 4 இலையின் தரத்தையும், 2 மெங்ஹாய் ஆலையையும்தான் குறிக்கும், உங்கள் கையில் இருக்கும் வில்லை செய்யப்பட்ட ஆண்டைக் குறிக்காது. பின்னாளில் வந்த தொகுதி எண்கள்தான் உதவுகின்றன: 501 என்றால் 2005ஆம் ஆண்டின் முதல் தொகுதி.

இதனால்தான் சேகரிப்பாளர்களே பெயர் சூட்டிக்கொண்டார்கள். 'ச்சா' எழுத்து சிவப்பாக இருந்தால் சிவப்பு முத்திரை, பச்சையாக இருந்தால் பச்சை முத்திரை. '88 பச்சை வில்லை' என்பதும் ஆலை வைத்த பெயரன்று. ஹாங்காங்கில் உலர்ந்த இடத்தில் சேமிக்கப்பட்ட 7542க்கு, எட்டு இராசியான எண் என்பதால் வணிகர் வைத்த பெயர் அது. பெயர்களை அறிந்தவர் உள்ளே, அறியாதவர் வெளியே என்று ஒரு வேலி தானாக எழும்பிவிட்டது. உங்கள் வில்லைக்கு அந்தப் பெயர்கூட இல்லை என்பது எனக்குக் கவலை தருகிறது. ஆண்டு, கலவை, இருந்த கிடங்கு ஆகிய மூன்றையும் அந்தப் பெரியவரிடம் கேளுங்கள். விற்றவரின் பெயரைக் கேட்க வேண்டாம்.

குன்னூர்_ஏலம் எழுதியது:

ஐயா, நான் பூஎர் அறிந்தவன் அல்லன். தேயிலை ஏலத் தரகு நிறுவனம் ஒன்றில் 27 ஆண்டுகள் சுவை பார்த்து ஓய்வு பெற்றவன். மேலே உள்ளதைப் படித்தபோது எங்கள் தொழிலோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றியது.

கொழும்பில் 1883 முதலும், குன்னூரில் 1963 முதலும் தேயிலை ஏலம் நடந்து வருகிறது. ஏலத்திற்கு முன்பே பட்டியல் வந்துவிடும். எந்தத் தோட்டம், எந்தத் தரம், எத்தனை மூட்டை, எத்தனை கிலோ என்பதெல்லாம் அதில் இருக்கும். மாதிரித் தேயிலை வாங்குவோருக்கு அனுப்பப்படும். என்ன விலைக்குப் போனது என்பதும் எல்லோருக்கும் தெரியும். எங்களிடமும் இரகசியங்கள் இல்லாமல் இல்லை. ஒரு நிறுவனம் எந்தத் தோட்டத்து இலையோடு எதை எவ்வளவு கலக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லாது. எந்த விலை வரை போகலாம் என்று வாங்குபவர் மனத்தில் வைத்திருப்பதைத் தரகரும் அறிய மாட்டார். நல்ல தேயிலையைச் சுவைத்தவுடன் முகத்தில் எதையும் காட்டாமல் அடுத்த கோப்பைக்கு நகர வேண்டும் என்பது எனக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தரப்பட்டது. ஆனால் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காதே என்று எவரும் சொன்னதில்லை.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மனிதர்களின் குணம் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் கறுப்புத் தேயிலை ஓரிரு ஆண்டுகளில் வீரியம் இழந்துவிடும், ஆகவே ஒளித்து வைப்பவனுக்குத்தான் நட்டம். உங்கள் பூஎரோ வைக்க வைக்க விலை ஏறுகிறது. வைத்திருப்பதே ஆதாயமாகும் பொருளைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதும் ஆதாயமாகிவிடுகிறது.

ஒரு சிறு யோசனை. தேயிலையைச் சுவைத்துச் சோதிப்பதற்கான பன்னாட்டுத் தர முறைப்படி 100 மில்லி நீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். இதில் தேநீர் மிகக் கடுமையாக இறங்கும். குடிப்பதற்கான முறை அன்று, குற்றம் கண்டுபிடிப்பதற்கான முறை. உங்கள் பெயரற்ற வில்லையையும், விவரம் உறுதியாகத் தெரிந்த வேறொன்றையும் எது எது என்று தெரியாதபடி வேறொருவரை ஊற்றச் சொல்லி, அருகருகே வைத்துப் பாருங்கள். ஊறிய இலையைக் கையில் எடுத்து நிறத்தையும் நெகிழ்வையும் பார்க்க மறக்காதீர்கள். கதை கேட்டுக்கொண்டே குடித்தால் நாக்கு கதையின் பக்கம் சாய்ந்துவிடும்.

சிங்கைத்_தேநீர் எழுதியது:

இருவரும் மிகுந்த பெருந்தன்மையோடு எழுதியிருக்கிறீர்கள். நான் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். பல இடங்களில் 'வட்டம்' என்பது பெயர்ப்பலகை இல்லாத கடைதான். அழைப்பவரே விற்பவர், விதிகளை வகுப்பவரும் அவரே. வாங்கியவர்கள் தங்களுக்குள் விலையை ஒப்பிட முடியாது, வெளியாரிடம் காட்டிக் கருத்துக் கேட்கவும் முடியாது. போலியை விற்க இதைவிட வசதியான ஏற்பாட்டை யாராலும் செய்ய முடியாது. 2007 வசந்தத்தில் பூஎர் விலை சரிந்தபோது சீனாவில் எத்தனையோ பேர் கைப்பணத்தை இழந்தார்கள். அவர்களில் பலர் குடிப்பதற்காக வாங்கியவர்கள் அல்லர், 'உள்ளே இருப்பவர்கள் சொன்னார்கள்' என்று வாங்கியவர்கள். யுன்னானில் விலையுயர்ந்த பூஎருக்குப் பெயர்போன லாவ் பான்சாங் என்ற மலைக்கிராமத்தின் பெயரில் சந்தையில் ஓடும் தேயிலையில் எவ்வளவு உண்மையில் அந்த ஊர் மரங்களில் பறித்தது என்று கேட்டால், விற்பவர்களே சிரிப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட ஒரு கூட்டத்திற்கு மூன்று முறை தனியாகச் சென்றேன், மூன்று முறையும் சாதாரணத் தேயிலைதான் ஊற்றினார்கள். நான்காம் முறை என் கணவரை அழைத்துச் சென்றபோது பழைய வில்லை வெளியே வந்தது. அவருக்குத் தேநீரே பிடிக்காது.

பினாங்குவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும்.

குன்னூர் ஐயா சொன்னபடி, பெயரற்ற வில்லையையும், கடையில் இரசீதோடு வாங்கிய 501 தொகுதி 7542ஐயும் என் மனைவி ஊற்ற, நானும் நண்பனும் கண்டறிய முயன்றோம். பெயரற்றதில் முதலில் ஈரமான நிலவறை வாடை, அது அடங்கிய பிறகு நல்ல இனிப்பு. நண்பன் இரண்டில் 501ஐத்தான் பழையது என்றான். நானும் அப்படியே சொன்னேன். வெள்ளைத் தாளைப் பிரித்துப் பார்த்ததில், ஆலையைக் காட்டும் உட்சீட்டும் இல்லை. ஊறிய இலையின் மேற்பரப்பு கறுத்திருந்தாலும், விரித்துப் பார்த்தபோது நரம்பு ஓரங்களில் பசுமை தெரிந்தது.

பிறகு பெரியவரைத் தனியாகச் சந்தித்து, பழைய_வில்லை ஐயா சொன்ன மூன்றையும் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். கோலாலம்பூர்க் கிடங்கில் ஒன்பது ஆண்டுகள் இருந்தது தனக்கு நேரடியாகத் தெரியும் என்றார். ஆண்டு, தான் நம்புவதே தவிர அறிந்ததன்று என்றார். கலவை யாருக்கும் தெரியாது என்றார். "என்னிடம் விற்றவரிடமும் நான் கேட்கவில்லை, கேட்டால் அடுத்த முறை அழைக்க மாட்டார்கள் என்று பயம்" என்று சொன்னபோது, எழுபது வயதுக்காரரின் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. சிங்கை அம்மையார் சொல்வது போல அவர் விற்பவரின் பக்கம் நிற்பவர் என்று என்னால் எண்ண முடியவில்லை. எனக்கு முன்பே ஏமாந்தவராகவும் இருக்கலாம். ஒரு வில்லையை நண்பனுக்கு, நான் வாங்கிய விலைக்கே, எனக்குத் தெரிந்த அளவு விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க அனுமதி கேட்டேன். பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார்.

கூட்டத்திற்குத் தொடர்ந்து செல்வேன், குடிக்க மட்டும். இனி அங்கே வாங்குவதில்லை.

பழைய_வில்லை (கோலாலம்பூர்) எழுதியது:

நல்லது. ஒன்பது ஆண்டுகள் நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் இருந்தது என்றால், 2000களின் நடுப்பகுதியில் செய்ததாக இருக்கலாம் என்பது என் ஊகம், இலையைப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்ல மாட்டேன். மீதி வில்லைகளை மசாலாப் பொருளும் ஊதுபத்தியும் இல்லாத அலமாரியில் வையுங்கள். எனக்குப் பத்து கிராம் அனுப்ப முடியுமா? என் பக்கத்திலிருந்து 1990களின் இறுதியில் நானே நேரில் வாங்கிய ஒன்றைப் பத்து கிராம் அனுப்புகிறேன், வாங்கிய கடையின் பெயரோடு. அந்தக் கடை மூடி பதினைந்து ஆண்டுகளாகிவிட்டன. உங்கள் பொட்டலத்தின் மேல் எதையும் எழுத வேண்டாம்.