முள்ளியவளை வீட்டுக் குழு: பெரியப்பாவின் ஈரல் பரிசோதனை

ஒட்டுசுட்டான் அத்தை, மாலை 6.12
அண்ணாவைக் கொழும்பிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சந்தையில் ஒருவர் சொன்னார். நாற்பதுக்குப் பதினேழு தான் கிடைத்ததாம். உண்மையா?

பெரியம்மா, 6.15
ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை. கொழும்புக்குப் பக்கத்திலுள்ள ராகமை வைத்தியசாலைக்கு வரும்படி இன்னொரு திகதி தந்திருக்கிறார்கள்.

நான், 6.24
அத்தை, அது பரீட்சைப் புள்ளி அல்ல. குருதியிலுள்ள மஞ்சள் நிறப் பொருளான பிலிருபின், குருதி உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்., சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேற்றினின், இவற்றோடு சோடியத்தையும் சேர்த்து 6 இலிருந்து 40 வரை கணக்கிடும் ‘மெல்ட்’ என்ற அளவு அது. எண் கூடக்கூட, அடுத்த மூன்று மாதங்களில் உயிருக்கு இருக்கும் ஆபத்தும் கூடும். பொதுவாக 15 ஐத் தொட்டவர்களைத் தான் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு யோசிப்பார்கள்; அதற்குக் கீழே உள்ள பலருக்கு நோயைவிடச் சத்திரசிகிச்சையே ஆபத்தானது. பதினேழு என்றபடியால் தான் பெரியப்பாவைப் பரிசோதனைக்கு எடுத்திருக்கிறார்கள்.

ஒட்டுசுட்டான் அத்தை, 6.27
அப்படியென்றால் ஏன் இவ்வளவு இழுத்தடிப்பு? பல்லைக்கூடப் பார்த்தார்களாம். ஈரல் நோய்க்குப் பல்லை ஏன் பார்க்க வேண்டும்?

நான், 6.39
புது ஈரலை உடம்பு தள்ளிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தை ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும். அந்த நிலையில் ஒரு சொத்தைப் பல்லின் சீழும் குருதியில் கலந்து உயிருக்கு வினையாகலாம். பழைய காசநோய், மஞ்சட்காமாலையைத் தரும் ஹெப்படைடிஸ் பி, சி கிருமிகள் எல்லாவற்றையும் தேடுவதும் அதற்காகத் தான். இருதயத்துக்கு எக்கோ எடுப்பது, பல மணிநேரச் சத்திரசிகிச்சையையும் புது ஈரலுக்குள் குருதியைத் திறந்துவிடும் அந்தக் கணத்தையும் அது தாங்குமா என்று அறிய. எண்டோஸ்கோபியில் உணவுக் குழாயின் வீங்கிய நாளங்களைப் பார்ப்பார்கள்; ஸ்கானில் ஈரலுக்குப் போகும் பெரிய நாளத்தில் குருதி கட்டியிருக்கிறதா, புற்றுக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கட்டி ஒன்று என்றால் 5 சென்ரிமீற்றருக்குள், மூன்று வரை என்றால் ஒவ்வொன்றும் 3 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பது 1996 இல் மிலான் நகரத்து மருத்துவர்கள் வகுத்த எல்லை. பெரியப்பாவுக்குக் கட்டி இல்லை.

பெரியம்மா, 6.43
பஸ்ஸை மறிப்பது போல இரண்டு கைகளையும் நீட்டிப் பிடிக்கச் சொன்னார்கள். விரல்கள் குருவியின் செட்டை போல அடித்தன. நான் மற்றப் பக்கம் திரும்பிவிட்டேன்.

நான், 6.46
ஈரல் கழிக்காத நச்சு மூளைக்குப் போவதன் அடையாளம் அது, பெரியம்மா. இரவில் நித்திரையின்றிப் பகலில் தூங்குவதும் அதனால் தான். தந்த பாணி மருந்தை நிறுத்த வேண்டாம். நாளுக்கு இரண்டு மூன்று தடவை வயிற்றால் போக வேண்டும் என்பதற்காகவே அதைத் தருகிறார்கள்.

ரொறன்ரோ மாமா, 6.50
குடித்தவருக்கு ஈரல் கொடுப்பார்களா? நான் அன்றைக்கே சொன்னேன்.

பெரியம்மா, 6.51
தம்பி, நீ அன்றைக்குச் சொன்னதை எல்லோரும் கேட்டோம். போன தை பிறந்ததிலிருந்து அவர் கள்ளைக்கூடத் தொடவில்லை.

நான், 6.58
மாமா, குடித்தவர் என்பதற்காகக் கதவை மூடுவதில்லை. நிறுத்திவிட்டாரா, மீண்டும் தொடாமலிருக்க வீட்டில் துணை இருக்கிறதா என்று மனநல மருத்துவர் தனியாகக் கேட்பார். கடந்த சில வாரங்களில் குடித்ததைக் காட்டிக்கொடுக்கும் குருதிப் பரிசோதனையும் உண்டு. ஆகவே ஒருவரும் அவருக்காகப் பொய் சொல்ல வேண்டாம்.

பெரியம்மா, 7.04
ஒரு விடயம். உடம்பில் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள். நகையைக் கேட்கிறார்கள் என்று நினைத்து இல்லை என்று சொல்லிவிட்டார்.

நான், 7.06
பெரியம்மா, யுத்தத்தில், மாத்தளனில், முதுகில் ஏறிய ஷெல் துண்டு இன்னும் உள்ளே தானே இருக்கிறது? எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கும் கருவி பெரிய காந்தம். இரும்புத் துண்டு அசையலாம், சூடாகலாம். நாளைக் காலையே தொலைபேசியில் அறிவித்துவிடுங்கள். அது ஆகாது என்றால் சி.ரி. ஸ்கானை வைத்துப் பார்ப்பார்கள். 2009 இல் அவருக்குக் குருதி ஏற்றியதையும் சொல்ல வேண்டும். பழைய எக்ஸ்ரே படம் இருக்கிறதா?

பெரியம்மா, 7.11
ட்ரங்குப் பெட்டியில் காணி உறுதியோடு சுற்றி வைத்திருக்கிறேன். முள்ளந்தண்டுக்கு அருகே நெல்மணி அளவில் வெள்ளையாகத் தெரியும்.

விசுவமடுச் சித்தப்பா, 7.19
உறுதி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். வேலியைப் பற்றி நான் இப்போது பேச வரவில்லை. ஈரல் கொடுக்கப் போவது யார்?

கிளிநொச்சித் தம்பி, 7.20
நான், சித்தப்பா.

ஒட்டுசுட்டான் அத்தை, 7.21
ஆவணியில் பெண் பார்க்கப் போகிறோம். பெண் வீட்டாருக்கு என்ன சொல்வது?

விசுவமடுச் சித்தப்பா, 7.23
அவனுக்கு இருபத்து நான்கு வயது. என்னுடைய குருதி ஓ வகை. என்னைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான், 7.35
சித்தப்பா, ஓ வகையின் ஈரல் எவருக்கும் பொருந்தும். ஆனால் ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவரிடம் எடுக்கப் பல இடங்களில் தயங்குவார்கள், உங்களுக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. கொடுப்பவரின் ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கக் கூடாது. எடுத்த பின் அவரிடம் முப்பது வீதமாவது மிஞ்ச வேண்டும். எடுக்கும் துண்டு பெறுபவரின் நிறையில் ஏறக்குறைய 0.8 வீதம் இருக்க வேண்டும். பெரியப்பா 60 கிலோ என்றால் கிட்டத்தட்ட 480 கிராம். மிஞ்சியது சில மாதங்களில் வளர்ந்துவிடும் என்றாலும் கொடுப்பவருக்கும் உயிராபத்து அறவே இல்லை என்று ஒருவராலும் சொல்ல முடியாது. தம்பி, இதை உனக்காகவே எழுதுகிறேன்: உன்னை வீட்டார் ஒருவரும் இல்லாமல் தனியாகக் கேட்பார்கள். சத்திரசிகிச்சை மேசைக்குப் போகும் வரை எந்த நேரத்திலும் நீ வேண்டாம் என்று சொல்லலாம். பல வைத்தியசாலைகளில், அப்படிச் சொன்னவரைக் காட்டிக்கொடுக்காமல் ‘பொருந்தவில்லை’ என்று மட்டும் வீட்டாருக்கு அறிவிப்பார்கள்.

கிளிநொச்சித் தம்பி, 7.37
நான் முடிவெடுத்துவிட்டேன், அக்கா.

பெரியப்பா, 7.52
எல்லாவற்றையும் வாசித்தேன். அவனைத் தனியாகவே கேட்கட்டும். எனக்காக அவனிடம் ஒருவரும் பேச வேண்டாம், நீங்களும் தான், தங்கச்சி. சின்னவன், நீ எழுதியதையும் பார்த்தேன்.

விசுவமடுச் சித்தப்பா, 7.55
அண்ணா, வானை நான் கொண்டு வருகிறேன். ஓமந்தை தாண்டியதும் நிறுத்தி இளைப்பாறிவிட்டுப் போகலாம்.

ரொறன்ரோ மாமா, 7.58
செலவில் பாதியை நான் அனுப்புகிறேன். மீதியைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை பேசுவோம்.

ஒட்டுசுட்டான் அத்தை, 8.01
திகதி வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னரா, பின்னரா? அண்ணாவுக்கு நேர்த்தி இருக்கிறது.

நான், 8.03
கிளினிக் அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள், பெரியம்மா, பார்த்துச் சொல்கிறேன். அந்த எக்ஸ்ரே படத்தை இன்றிரவே பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள்.