நின்று நின்று கால் நரம்பு சுருண்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஜவுளிக்கடை சேலைப் பிரிவில் 11 வருடம் வேலை பார்த்தேன். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு வரை நிற்பதுதான்; ஸ்டூல் கிடையாது. இடது கெண்டைக்காலில் மண்புழு சுருண்டு கிடப்பது போலப் பச்சையாகப் புடைத்தது. "நரம்பு சுருட்டு, எண்ணெய் போட்டு உருவினால் சரியாகும்" என்றார் அத்தை. ரெண்டு வருடம் உருவினேன். கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிப்பெடுத்த பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

ரத்தம் ஓடும் திசையை நிறத்தில் காட்டும் டாப்ளர் ஸ்கேனை நிற்க வைத்தே எடுத்தார்கள். டாக்டர் என் ஆடுசதையைக் கையால் ஒரு அமுக்கு அமுக்கினார். திரையில் நீலம் குபுக்கென்று மேலே ஏறியது. கையை எடுத்ததும் அதே இடம் சிவப்பானது. "ஏறின ரத்தம் திரும்பக் கொட்டுது பாருங்கம்மா. அரை விநாடிக்கு மேல கொட்டினாலே வால்வு சரியில்லைனு அர்த்தம். உங்களுக்கு மூணு விநாடி."

அப்புறம்தான் விளக்கினார். இது நரம்பே இல்லை, சிரை; ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். காலுக்கு வந்த ரத்தத்தை மேலே ஏற்ற இதயத்தின் தள்ளு மட்டும் போதாது. நடக்கும்போது ஆடுசதை இறுகிச் சிரையைப் பிழிய வேண்டும். ஏறியது இறங்காமல் உள்ளே இருக்கும் வால்வுகள் மூடிக்கொள்ளும். அசையாமல் நின்றால் கணுக்கால் சிரையில் அழுத்தம் 80, 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும்; நடந்தால் 30 அளவுக்கு இறங்கிவிடும். நான் அத்தனை வருடமும் நின்றேனே தவிர நடக்கவில்லை.

லேசரில் அந்தச் சிரையை அடைத்துவிட்டார்கள். ரத்தம் இனி எந்த வழியாகப் போகும் என்று பயந்து கேட்டேன். சதைக்குள் ஆழத்தில் இருக்கும் பெரிய சிரைகள்தான் ஏற்கெனவே பெரும்பங்கைக் கொண்டுபோகின்றனவாம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதற்குள் என் கால் கெட்டிருந்தது. இப்போது நிற்கிற பிள்ளைகளாவது கேட்டு வாங்கி உட்காருங்கள்.

பதில்: அக்கா, நான் நர்ஸ். வால்வை வீட்டிலேயே பார்க்கலாம். முழங்கைக்கு மேலே துணியால் லேசாகக் கட்டினால் முன்கைச் சிரையில் சின்ன முடிச்சு மாதிரி தெரியும், அதுதான் வால்வு. அதற்குக் கீழே ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் ரத்தத்தை முடிச்சைத் தாண்டி மேலே வழித்துவிடுங்கள். நடுவில் சிரை காலியாகவே கிடக்கும். கீழ் விரலை எடுத்தவுடன் நிறையும். ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று நிரூபித்த ஆங்கில டாக்டர் வில்லியம் ஹார்வி 1628இல் படம் போட்டுக் காட்டியது இதைத்தான். அவருடைய ஆசிரியர் ஃபாப்ரிசியஸும் வால்வுகளைப் பார்த்தவர்தான். ஆனால் அவை ரத்த வேகத்தைக் குறைப்பவை என்று நினைத்துவிட்டார். முதல் தடவை என் கையில் செய்து பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

பதில்: பரோட்டா மாஸ்டர் நான். கல் முன்னால் 20 வருடம். டாக்டர் சொன்னதிலிருந்து, ஒரு பக்கம் வேகும் நேரத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறேன். இறுக்கமான காலுறையும் போடுகிறேன், அடுப்புச் சூட்டில் அதுதான் பெரிய பாடு. புடைப்பு அப்படியேதான் இருக்கிறது. ராத்திரி கால் கனப்பது மட்டும் பாதியாகிவிட்டது.